முயலுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா? முதலில் வாயைப் பாருங்கள்

கேள்வி: எங்களிடம் இரண்டு முயல்கள் இருக்கின்றன. ஆணுக்கு இரண்டு வயது, தொங்கு காது, கருத்தடை செய்தாகிவிட்டது. பெண்ணுக்கு ஒன்றரை வயது, இன்னும் செய்யவில்லை. போன மாதம் ஓர் இரவு ஆண் முயல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. காலை வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோனோம். குடல் இயக்கம் நின்றுவிட்டது என்று இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டது, ஆனால் பில்லைப் பார்த்து ஆடிப்போய்விட்டோம். இன்சூரன்ஸ் எடுத்துவிடலாம் என்கிறேன் நான். அந்தப் பணத்தைத் தனியாகச் சேர்த்தாலே போதும் என்கிறார் கணவர். விசாரித்ததில் ஒரே ஒரு நிறுவனம்தான் முயலுக்குத் தருகிறது, அதுவும் பூனைக்குக் கேட்பதற்குக் கிட்டத்தட்ட சமமாகக் கேட்கிறார்கள். ஒன்றரை கிலோ முயலுக்கு இவ்வளவா? இதே வயிற்றுப் பிரச்சினை திரும்ப வந்தால் பணம் கொடுப்பார்களா? ஒரு முயலுக்கு மட்டும் எடுத்தால் போதுமா?

பதில்:

முதலில் உங்கள் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் சொல்வதும் சரி, கணவர் சொல்வதும் சரி, ஆனால் வரிசை முக்கியம். அவர் சொல்வது முதலில், நீங்கள் சொல்வது அப்புறம். ஏன் என்று சொல்கிறேன்.

முயல் வைத்திருப்பவர்கள் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்கும்போது எல்லோரும் பிரீமியம் எவ்வளவு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நானும் முன்பு அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். கால்நடை மருத்துவராகப் பல வருடம் முயல்களைப் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்தது, முயல் பாலிசியில் பிரீமியம் இரண்டாம் பட்சம். பல்லுக்குக் கொடுப்பார்களா, மாட்டார்களா என்பதுதான் பாதிக் கதை. மீதிப் பாதி, உங்கள் முயலின் மருத்துவப் பதிவில் ஏற்கெனவே என்ன எழுதியிருக்கிறது என்பது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்தாலும் லாபம்தான். இரண்டும் சரியில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வெறும் தாள்.

சரி, விலைக்கு வருவோம். ஒன்றரை கிலோ என்கிறீர்கள். எக்ஸ்ரே மெஷின் எடை பார்த்துப் பணம் வாங்குவதில்லையே! பூனைக்கு ஆகும் அதே படம், அதே ரத்தப் பரிசோதனை, அதே மயக்க மருந்து வாயு, அதே இரவுப் பணியாளர். சொல்லப்போனால் முயலுக்கு வேலை கூடுதல். ரத்தக்குழாய் மெல்லியது, மூச்சுக்குழாயில் குழாய் விடுவது கடினம், உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான மயக்க மருந்து நிகழ்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான பெரிய ஆய்வில், மயக்க மருந்து சார்ந்த இறப்பு நாயில் 0.17 சதவீதம், பூனையில் 0.24 சதவீதம், முயலில் 1.39 சதவீதம். அந்த 1.39-ல் ஏற்கெனவே நோயோடு வந்தவையும் அடக்கம். நல்ல ஆரோக்கியமான முயலை மட்டும் எடுத்தால் 0.73. அதுவும் நாய், பூனையைவிட அதிகம்தான். இந்த வித்தியாசத்தைக் குறைப்பதற்கு ஆளும் கருவியும் நேரமும் வேண்டும், அதெல்லாம் பில்லில்தான் வந்து உட்காரும்.

இன்னொரு பக்கம் நிறுவனத்தின் கணக்கு. செல்லப்பிராணி இன்சூரன்ஸ் என்பதே நாயை வைத்து வளர்ந்த தொழில். அமெரிக்காவில் 1982-ல் போட்ட முதல் பாலிசியே ஒரு தொலைக்காட்சி நாய்க்குத்தான். அதன் பிறகு பூனை வந்தது. முயலை இன்றைக்கும் பல இடங்களில் கிளி, ஆமையோடு சேர்த்து 'அயல் விலங்கு' என்ற பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நேஷன்வைட் நிறுவனம் முயலுக்குத் தருவது அந்தப் பறவை, அயல் விலங்குப் பாலிசியின் கீழ்தான். பிரிட்டனில் நிலைமை பரவாயில்லை, பெட்பிளான் போன்ற பெரிய நிறுவனமே நாய், பூனை, முயல் என்று மூன்றுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஸ்வீடனில் அக்ரியா தருகிறது. மற்றபடி உலகத்தின் பெரும்பகுதியில் நாய்க்குப் பாலிசி கிடைக்கும், பூனைக்குச் சில சமயம் கிடைக்கும், முயல் என்று சொன்னால் போனில் ஒரு நிமிடம் அமைதி நிலவும். ஒரே ஒரு நிறுவனமாவது தருகிறது என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

சேருபவர்கள் குறைவு. அந்தக் குறைவான ஆட்களிலும் பெரும்பாலானவர்கள் உங்களைப் போல ஒரு முறை பெரிய பில் பார்த்துப் பயந்துபோய் வருபவர்கள். அதாவது ஏற்கெனவே ஒரு பிரச்சினை தலைகாட்டிய முயல்கள். அடிபடாத ஆரோக்கியமான முயல்கள் கூட்டத்தில் இல்லாவிட்டால் கிளெய்ம் கூடத்தான் செய்யும், பிரீமியமும் ஏறத்தான் செய்யும். நிறுவனத்துக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை, கணக்கு அப்படி ஓடுகிறது என்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது பல். முயலுக்கு மொத்தம் 28 பற்கள். முன்னால் ஆறு, உள்ளே 22. முன்னால் ஆறா என்று யோசிப்பீர்கள், மேலே தெரியும் இரண்டுக்குப் பின்னால் குட்டியாக இன்னும் இரண்டு ஒளிந்திருக்கும். இந்த 28-ம் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுப்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். காய்ந்த புல்லை நாள் முழுக்க அரைத்துக்கொண்டே இருந்தால் வளர்வதும் தேய்வதும் சமமாகிவிடும். தாடை அமைப்பு கோணலாக இருந்தாலோ, புல் குறைந்து தீவனக் குருணை கூடினாலோ, கடைவாய்ப் பல்லில் முள் மாதிரி கூர் விழ ஆரம்பிக்கும். கீழ்ப் பல்லின் முள் நாக்கைக் குத்தும், மேல் பல்லின் முள் கன்னத்தைக் குத்தும்.

இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. முயலின் வாய் ஒரு நீளமான குறுகிய சந்து. காது பார்க்கும் கருவியின் கூம்பை ஓரமாக விட்டுப் பார்த்தால், நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, அதன் நடுவில் சிவப்பாக ஒரு கிழிசல் தெரியும். அது தெரிந்தால் சரிதான், அந்தப் பக்கம் முள் இருக்கிறது. தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை. விழித்திருக்கும் முயல் நாக்கைச் சுருட்டி மறைத்துக்கொள்ளும், முழுதாகப் பார்க்க மயக்க மருந்து கொடுத்துத்தான் ஆகவேண்டும். அப்படி ஒரு முயலைப் பார்த்தேன். உரிமையாளர் 'கொஞ்ச நாளாகப் புல் வேண்டாம் என்கிறது, இலை மட்டும் தின்கிறது' என்றுதான் சொன்னார். மயக்கத்தில் வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் முள் வளர்ந்து நாக்கின் மேல் பாலம் மாதிரி கவிந்திருந்தது. அந்த நாக்கை வைத்துக்கொண்டு அது இலையாவது தின்றதே என்று எனக்கு ஆச்சரியம்.

முள்ளைத் தேய்த்துவிட்டால் போதுமா என்றால் போதாது. பல் வளர்வது நிற்கப்போவதில்லையே. சிலவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, சிலவற்றுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை தேய்க்கவேண்டி வரும். ஆறு வாரம் என்றால் வருடத்துக்கு எட்டு, ஒன்பது தடவை. முயல் நன்றாக வைத்திருந்தால் 8 முதல் 12 வருடம் இருக்கும். இரண்டு வயதில் ஆரம்பித்து பத்து வயது வரை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், எழுபது தடவை மயக்க மருந்து! எல்லா முயலுக்கும் இப்படி ஆகாது, ஆனால் ஆகும் முயலுக்கு இதுதான் வாழ்நாளின் மிகப் பெரிய செலவு. இரண்டு நாள் அட்மிட் எல்லாம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

பாலிசிகள் கை கழுவுவதும் சரியாக இந்த இடத்தில்தான். சிலவற்றில் பல் என்ற சொல்லே விலக்குப் பட்டியலில் இருக்கும். சிலவற்றில் 'விபத்தில் உடைந்த பல்லுக்கு உண்டு, நோய்க்கு இல்லை' என்றிருக்கும். சிலவற்றில் 'பல் வெட்டுதல், தேய்த்தல் ஆகியவை வழக்கமான பராமரிப்பு' என்று எழுதி, நகம் வெட்டுவதோடு சேர்த்துவிட்டிருப்பார்கள். சிலவற்றில் உண்டு, ஆனால் வருடா வருடம் மருத்துவரிடம் பல்லைக் காட்டியிருக்க வேண்டும், அவர் சொன்னதைத் தள்ளிப்போடாமல் செய்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு தந்திரம், 'ஒரு நோய்க்கு 12 மாதம் வரை' என்ற வரி. பல் உண்டு என்று பெரிதாகப் போட்டிருக்கும், முதல் தடவை தேய்த்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை கொடுப்பார்கள், அதற்கப்புறம் அந்த நோய் உங்கள் பாடு. வாழ்நாள் முழுக்க, வருடா வருடம் உச்சவரம்பு புதிதாகத் தொடங்கும் பாலிசிதான் முயல் பல்லுக்குப் பயன்படும். மற்றதெல்லாம் குடையை மழைக்கு முன்னால் கொடுத்துவிட்டு மழை வந்ததும் திருப்பிக் கேட்பது மாதிரி.

அடுத்தது பதிவு. இதில் என் கையாலேயே ஒரு வினை நடந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நகம் வெட்ட வந்த ஒரு இளம் முயல், ஒரு வயது இருக்கும். நகத்தை வெட்டிவிட்டு, வழக்கப்படி வாயையும் பார்த்து, 'வெட்டுப்பல் சற்று நீளம், கவனிக்கவும்' என்று எழுதிவைத்தேன். அன்றைக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. உரிமையாளரிடம் புல்லைக் கூட்டுங்கள் என்று சொன்னதோடு சரி. சில மாதம் கழித்து அவர் பாலிசி எடுத்தார். இரண்டு வருடம் கழித்துக் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் வைத்து, தாடை வீங்கி, பெரிய ஆபரேஷன் ஆனது. கிளெய்ம் போட்டால் நிராகரிப்பு. காரணம், என்னுடைய அந்த நான்கு சொல். பல் பிரச்சினை பாலிசிக்கு முன்பே இருந்தது என்று எழுதியிருந்தார்கள். வெட்டுப்பல் வேறு, கடைவாய்ப்பல் வேறு, அன்றைக்கு நோயே இல்லை என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்கள், கடைசிவரை ஒரு பைசா வரவில்லை.

அதற்காக மருத்துவரிடம் 'எழுதாதீர்கள்' என்று கேட்காதீர்கள். கேட்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். தேதியை மாற்றிப் போடச் சொல்லியும் கேட்கிறார்கள். அது மோசடி. தெரியவந்தால் பாலிசியே ரத்தாகும், மருத்துவரின் உரிமத்துக்கும் ஆபத்து. நேர்மையாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு, முயல் வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களிலேயே, பதிவில் எதுவும் ஏறுவதற்கு முன்னால் பாலிசி எடுத்துவிடுவது. சேர்ந்த பிறகும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு, பெரும்பாலும் 14 நாள், சிலவற்றில் அதற்கும் மேல். அந்த நாட்களுக்குள் தெரிந்த நோயும் 'முன்பே இருந்தது' கணக்கில்தான் போகும். வயது எல்லையும் இருக்கும். 5 வயதைத் தாண்டிய முயலைப் புதிதாகச் சேர்க்காத பாலிசிகள் இருக்கின்றன.

உங்கள் ஆண் முயலுக்கு வருவோம். திரும்ப வந்தால் கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக எடுக்கும் பாலிசியில், குடல் நின்ற பிரச்சினைக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் ஒன்றிரண்டு வருடம் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்தால் அந்த விலக்கை மறுபரிசீலனை செய்யும், அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் எனக்கு வேறொரு கவலை. குடல் நிற்பது என்பது பெரும்பாலும் நோய் அல்ல, வேறு எதனுடையதோ விளைவு. எங்கேயோ வலி இருக்கும், பல்லில், சிறுநீர்ப்பையில், தொங்கு காதுக்கு உள்ளே. வலித்தால் முயல் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் நிற்கும், நின்றால் காற்று சேர்ந்து இன்னும் வலிக்கும். உங்கள் கடிதத்தில் காரணம் என்ன என்று எதுவும் இல்லை. பதிவிலும் இல்லை என்றால், நிறுவனம் 'செரிமான மண்டலம் முழுவதும்' என்று அகலமாக விலக்கு போட்டுவிடும். காரணம் தெளிவாக எழுதியிருந்தால் விலக்கும் அந்த அளவோடு நிற்க வாய்ப்பு உண்டு. சிகிச்சை தந்த மருத்துவரிடம் முழுப் பதிவையும் கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். அதை நிறுவனத்துக்கு அனுப்பி, 'இதை வைத்து எதையெல்லாம் விலக்குவீர்கள்' என்று பணம் கட்டுவதற்கு முன்னாலேயே எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் இனிக்க இனிக்கச் சொல்வதை நம்பவேண்டாம்.

தொங்கு காது முயல்களுக்குக் காதுப் பிரச்சினையை நிமிர்ந்த காது முயல்களைவிட அதிகம் பார்க்கிறோம். இரண்டு வயதில், காரணம் தெரியாத ஒரு குடல் நிறுத்தம், அதுவும் தொங்கு காது என்றால், நானாக இருந்தால் பாலிசி பற்றி யோசிப்பதற்கு முன்னால் வாயையும் காதையும் ஒரு முறை முழுதாகப் பார்த்திருப்பேன். 'அப்படிப் பார்த்து ஏதாவது கண்டுபிடித்தால் அதுவும் பதிவில் ஏறிவிடுமே' என்று உங்கள் மனது கணக்குப் போடும். போடட்டும். வலியோடு இருக்கும் முயலை, பாலிசிக்காகக் காத்திருக்க வைக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், திட்டுவதாக நினைக்காதீர்கள். காலை வரை பொறுத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த தடவை பொறுக்காதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது கீழ் வழியாகத்தான் போகவேண்டும். 12 மணி நேரம் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசரம்தான். வயிறு டிரம் மாதிரி இறுகி, காது ஜில்லென்று ஆகி, கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தால் 12 மணி நேரமும் கிடையாது, உடனே கிளம்ப வேண்டும். முயலின் இயல்பான சூடு 38.5-லிருந்து 40 டிகிரி செல்சியஸ் வரை. 38-க்குக் கீழே இறங்கிய முயலை எங்களால் காப்பாற்ற முடிவது குறைவு.

கணவர் சொன்னது முதலில் என்று நான் சொன்னதற்குக் காரணம் இந்த இரவுதான். பெரும்பாலான பாலிசிகளில் நீங்கள் முதலில் முழுப் பணத்தையும் கட்டவேண்டும், பில்லும் பதிவும் அனுப்பி, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் மருத்துவமனை முன்பணம் கேட்கும்போது பாலிசி நம்பரைக் காட்டினால் வேலைக்காகாது. சில மருத்துவமனைகள் நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிக்கொள்ளும், அதுவும் அலுவலக நேரத்தில் ஒப்புதல் கிடைத்தால்தான். ஆகவே பாலிசி இருந்தாலும் கைப்பணம் வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவமனையிடமே கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் அட்மிட் எவ்வளவு என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள், மயக்க மருந்து கொடுத்துப் பல் தேய்ப்பது எவ்வளவு, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் என்றால் எவ்வளவு என்று தோராயமாகச் சொல்வார்கள். இதில் எது பெரிதோ அந்தத் தொகை எப்போதும் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். அது சேரும்வரை பிரீமியம் கட்டுவது என் கண்ணுக்குக் கொஞ்சம் அவசரமாகத்தான் தெரிகிறது. இரண்டும் முடியும் என்றால் தாராளமாக இரண்டையும் செய்யுங்கள்.

திரும்பி வரும் தொகையும் நீங்கள் நினைப்பது போல் இருக்காது. பில் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 20 உங்களுடையது, மீதியில் 80 சதவீதம் தருவோம் என்கிறது பாலிசி. அப்படியானால் 80-ல் 80 சதவீதம், 64 வரும். கையிலிருந்து போனது 36. இதையே சில நிறுவனங்கள் மாற்றிப் போடும், முதலில் 80 சதவீதம் கணக்கிட்டு அதிலிருந்து 20-ஐக் கழிக்கும், 60 வரும். அதே பில், அதே சதவீதம், நான்கு குறைவு. பில் வெறும் 25 என்றால்? முதல் கணக்கில் 4 வரும், இரண்டாவது கணக்கில் ஒன்றும் வராது. சின்னச் சின்ன செலவுக்கு இன்சூரன்ஸ் உதவாது என்பது இதிலேயே தெரியும். உங்கள் பங்கைப் பெரிதாக வைத்துப் பிரீமியத்தைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். கைப்பணம் இருந்தால் குறைக்கலாம், எனக்குப் பிடித்த ஏற்பாடும் அதுதான். வயதான முயலுக்கு நீங்கள் கொடுக்கவேண்டிய சதவீதம் தானாகக் கூடுமா என்பதையும் கேட்டுவிடுங்கள், பல பாலிசிகளில் கூடும்.

தடுப்பூசி, கருத்தடை, நகம் வெட்டுவது எதற்கும் பொதுவாகக் கிடைக்காது. ஆனால் தடுப்பூசி போடாவிட்டால் அந்த நோய்க்கான கிளெய்ம் போய்விடும். மிக்ஸோமடோசிஸ் என்ற வைரஸ் நோய், முயல் ரத்தக்கசிவு நோய் இரண்டுக்கும் தடுப்பூசி கிடைக்கும் நாடுகளில் இது பாலிசி நிபந்தனையாகவே இருக்கும். ரத்தக்கசிவு நோயின் இரண்டாவது வகை வைரஸ் 2010-ல் பிரான்ஸில் தென்பட்டு இன்று பல நாடுகளுக்குப் பரவிவிட்டது, பழைய தடுப்பூசி அதற்குப் போதாது, உங்கள் முயலுக்குப் போட்டது எது என்று அட்டையைப் பாருங்கள். அட்மிட் ஆன முயலுக்கு ஊசிக்குழலில் ஊட்டும் தூள் உணவு மருந்தா, சாப்பாடா என்பதிலும் சண்டை வரும். சாப்பாடு என்று சொல்லிக் கழித்துவிடுவார்கள், மருத்துவர் அதைச் சிகிச்சையின் பகுதியாகச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் சில சமயம் தப்பும்.

பெண் முயல் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம், சில இனங்களில் நான்கு வயதுக்கு மேல் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கண்டிருக்கிறார்கள். நுரையீரலுக்குப் பரவிய பிறகு பெரும்பாலும் செய்ய ஒன்றும் இருக்காது. கருத்தடை என்ற அந்த ஒரு ஆபரேஷன் செலவைப் பாலிசிகள் பொதுவாகத் தராது, ஆனால் முயல் வைத்திருப்பவர் வாங்கக்கூடிய மிக நல்ல இன்சூரன்ஸ் என்று நான் அதைத்தான் சொல்வேன். 0.73 சதவீதம் என்று மேலே படித்துவிட்டுப் பயப்படாதீர்கள், அந்த எண் ஆளைப் பொறுத்து மாறும். மாதத்துக்கு எத்தனை முயலுக்குச் செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். முந்தைய இரவு முழுக்கப் பட்டினி போட்டுக் கொண்டுவாருங்கள் என்று அவர் சொன்னால் வேறு இடம் பாருங்கள். அது நாய், பூனைக்கான பழக்கம், முயலைப் பட்டினி போட்டால் நீங்கள் போன மாதம் பார்த்த அதே நிலைமைக்கு நாமே தள்ளுவதாகும்.

பாலிசியும் அவளுக்குத்தான் பொருத்தம். ஒன்றரை வயது, பதிவில் எதுவும் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை, வயது எல்லைக்குள் இருக்கிறாள். பல்லுக்கு உண்டு, வாழ்நாள் முழுக்க என்ற இரண்டும் எழுத்தில் இருந்தால் எடுங்கள். ஒரு முயலுக்கு மட்டும் எடுக்கலாம், ஒன்றும் தடையில்லை, பாலிசி ஒவ்வொரு முயலுக்கும் தனித்தனிதான். எந்த முயல் எது என்று நிரூபிக்க மைக்ரோசிப் போட்டுவிடுங்கள், ஒரே நிறத்தில் இரண்டு இருந்தால் பின்னால் தகராறு வராது. ஆணுக்கு, பதிவை அனுப்பி வரும் பதிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குடலும் பல்லும் இரண்டுமே விலக்கு என்று பதில் வந்தால் எடுக்காதீர்கள், முயலின் பெரிய செலவில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. அவனுக்கு ஆகும் பிரீமியத்தை மாதா மாதம் அந்தக் கைப்பணத்தோடு போட்டுவிடுங்கள், கணவரும் சமாதானம் ஆவார்.

மருத்துவமனைக்குப் போகும்போது இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். ஜோடி பக்கத்தில் இருந்தால் நோயாளி முயல் சீக்கிரம் சாப்பிட ஆரம்பிக்கும். கூட இருக்கும் முயலுக்கு ஆகும் கட்டணத்தைப் பாலிசி தராது, நிறைய மருத்துவமனைகள் வாங்குவதும் இல்லை, கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு விஷயமும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆண் முயல் இப்போது புல் தின்கிறதா, இலையை மட்டும் பொறுக்குகிறதா? புழுக்கை பழைய அளவில் உருண்டையாக வருகிறதா, மிளகு மாதிரி சிறுத்தோ, முடியில் கோத்த மணி மாதிரியோ வருகிறதா? தாடைக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள், முடி ஈரமாகப் பிசுபிசுத்தால் எச்சில் வழிகிறது என்று அர்த்தம். சமையலறைத் தராசில் இன்றைக்கு எடை போட்டு எழுதிவையுங்கள், அடுத்த வாரம் அதே நாளில் மறுபடி போடுங்கள். இதில் எது சரியில்லை என்றாலும் நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்காமல் நாளைக்கே கொண்டுபோய் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.